சான்றுக்குப் பணம் கட்ட வேண்டியவர் யார்?

சென்ற வாரம் உடுப்பிட்டியிலே பெரியவர் ஒருவர் காணி உறுதியைக் கையிற் கொண்டு எம்மிடம் வந்தார். கனடாவில் ஒரு நிறுவனம் அவர் மகனுக்கு வேலை தரவிருக்கின்றதாம்; அதற்குரிய அரசாங்கச் சான்றைப் பெறப் பல இலட்சம் ரூபா கட்ட வேண்டுமென்று முகவர் ஒருவர் கூறினாராம். தோட்டக் காணியை ஈடு வைக்கலாமா என்பதே அவர் கேள்வி. அது பல குடும்பங்களுக்கும் உரிய கேள்வியாதலின், விடையை இங்கே எழுதுகின்றோம்.

கனடாவிலுள்ள முதலாளி ஒருவர் பிறநாட்டாரை வேலைக்கு அழைப்பதாயின், பெரும்பாலான தொழில்களுக்கு முதலில் அந்நாட்டு மத்திய அரசாங்கத்திடம் 'தொழிற்சந்தைத் தாக்க மதிப்பீடு' பெறல் வேண்டும். எல்.எம்.ஐ.ஏ. என்று நம்மவர் சொல்வது இதனையே. பொதுவாக நான்கு வாரங்களேனும் விளம்பரஞ் செய்தும் உள்நாட்டில் தக்கவர் கிடைத்திலர் என்று அவர் காட்ட வேண்டும். அவ்வூர் வழக்கிலுள்ள சம்பளத்தைத் தரவும் உடன்பட வேண்டும். உள்நாட்டார் வேலை இழக்கலாகாது, வெளிநாட்டார் குறைந்த கூலிக்கு உழைக்கலாகாது என்பதே இதன் நோக்கம்.

இம்மதிப்பீட்டுக்கு ஒரு பதவிக்குரிய கட்டணம் பெரும்பாலும் 1,000 கனடா டொலர். அதைக் கட்ட வேண்டியவர் முதலாளியே. தொழிலாளியிடம் அதனை அறவிடுதல் அந்நாட்டுச் சட்டத்துக்கு மாறானது. தொழிலாளி அந்த அரசாங்கத்துக்குச் செலுத்தும் முதன்மைக் கட்டணங்கள், வேலை அனுமதிப்பத்திரத்துக்கு 155 டொலரும் கைரேகைப் பதிவுக்கு 85 டொலருமே.

சான்று கிடைத்தாலும் அது விசா அன்று. அதன் பிரதியையும் வேலை ஒப்பந்தத்தையும் கொண்டு தொழிலாளி தனியே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் மறுக்கப்படவுங் கூடும். கிடைக்கும் அனுமதியும் பொதுவாக அந்த ஒரு முதலாளியிடம் வேலை செய்வதற்கு மட்டுமே. அம்முதலாளி போலியானவராயின், கடல் கடந்து சென்ற பிள்ளையின் கதி யாது?

நம் நாட்டிலும் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் உண்டு. அதன் அனுமதிப்பத்திரம் இன்றி வெளிநாட்டு வேலைக்கு ஆட்சேர்க்கும் தொழிலை எவரும் நடத்தலாகாது. முகவரின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டறிந்து பணியகத்தில் விசாரித்தல் எவர்க்கும் இயலும்.

இவற்றைக் கேட்டிருந்த பெரியவர், "அப்ப தம்பி, முதல்ல அந்த இலக்கத்தைக் கேட்டுப் பாக்கிறன்" என்று உறுதியை மடித்துக்கொண்டு எழுந்தார். கேட்ட நாள் முதல் முகவர் தொலைபேசியை எடுப்பதில்லையாம். காணி தப்பியது. மகனுக்குத்தான் ஏமாற்றம், அவனுக்கு நேரிய வழி ஒன்றைத் தேடுதல் இனி நம் எல்லோர்க்கும் கடமையாகும்.