மின்மகிழுந்து வரட்டும், மின்விசை எங்கே?

தமிழர்களே! விருத்தாசலம் என வழங்கும் நம் திருமுதுகுன்றத்தின் பீங்கான் தொழிலாளரைக் கேளுங்கள், மின்தடை என்றால் என்னவென்று! அரைவைப் பொறி நின்றால் சூளை காத்துக் கிடக்கும், கூலியும் நிற்கும். 2012-இல் தமிழகத்துச் சிற்றூர்கள் நாள்தோறும் பலமணி நேரம் இருளில் கிடந்ததை மறந்துவிட்டோமா? அருகே நெய்வேலியில் 1962 முதல் நம் மண்ணகழ்ந்து மின்விசை எடுக்கின்றனர். அதைப் பங்கிடும் அதிகாரமோ தில்லியின் கையில்!

இன்று மின்மகிழுந்து வருகிறது. வரட்டும், புகை ஒழியட்டும். ஆனால் கணக்கையும் பாருங்கள். வீட்டில் மின்னேற்றும் மகிழுந்து ஒன்று ஏறத்தாழ 3 கிலோவாட்டு இழுக்கும். 10 இலக்கம் மகிழுந்துகள் மாலையில் ஒருசேர ஏற்றினால் 3,000 மெகாவாட்டு! 2024 மே 2-ஆம் நாள் தமிழகம் கண்ட உச்சத் தேவையே 20,830 மெகாவாட்டுதான். அதில் ஏழிலொரு பங்கு புதிதாக ஏறினால் தெருமுனை மின்மாற்றி தாங்குமா?

வழியில்லாமல் இல்லை. நண்பகலில் கதிரவன் அள்ளித் தரும் விசையை ஊர்திக்கு ஊட்டுக! தொழிற்பேட்டைதோறும் பகலில் மின்னேற்றும் நிலையங்கள் அமைக்க! மின்மாற்றிகளை முன்கூட்டியே வலுப்படுத்துக! நெய்வேலி மின்விசையைப் பங்கிடும் உரிமையைத் தமிழகத்திற்கே தருக! கம்பியை மறந்து ஊர்தியைக் கொண்டாடுவது, கிணறு தூர்ந்து கிடக்க ஏற்றம் பூட்டுவதே ஆகும்.