கம்பு எங்களுடையது, ரத்தம் மட்டும் அவர்களுடையதா?

மணிமங்கலத்தில் என் தாத்தா படியாள். ஆண்டை வீட்டு மாட்டுக்கொட்டகை, ஏர், களம் எல்லாம் அவர் தலையில். ராத்திரியில் சேரித் திடலில் பையன்களுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுப்பார். அறுப்புக் காலத்தில் களத்துக்குக் காவலும் அவர்தான். விடிந்ததும் கம்பைக் களத்திலேயே போட்டுவிட்டுத்தான் ஆண்டை தெருவுக்குள் நுழைய வேண்டும். ஆண்டை நெல்லைக் காக்கக் கம்பு வேணும். ஆண்டை தெருவில் நடக்கக் கம்பு கூடாது.

நான் பள்ளிக்கூடம் படித்தபோது டிவியில் 'முத்து' (1995) போட்டான். ஜமீன் வீட்டு வேலைக்காரன் ரஜினி பத்துப் பேரைப் பந்தாடுகிறார். நாங்கள் விசிலடித்தோம். கடைசியில் பார்த்தால் அவரே ஜமீன் வாரிசு. தாத்தா வெத்தலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "அதான பாத்தேன், வேலக்காரன் இந்த அடி அடிக்கிறானேன்னு. அவன் ஆண்ட புள்ளடா."

தமிழ் எம்.ஏ. படித்தும் எனக்கு இதை ஒருத்தரும் சொல்லித்தரவில்லை.

யோசித்துப் பாருங்கள். விராடன் அரண்மனையில் சமையற்காரனாக இருந்து கீசகனைக் கொன்றவன் யார்? பீமன். வேஷம்தான் வேலைக்காரன், உள்ளே ராஜா. மதுரை வீரன் சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன். அவனையும் காசி ராஜாவுக்குப் பிறந்தவன் என்றார்கள். அந்த ராஜ பிறப்பு பின்னால் ஒட்டவைத்தது என்று தலித் ஆய்வாளர்கள் சொல்லிவருகிறார்கள். நம்மவன் வீரத்தைக் கும்பிடலாம், ஆனால் அது நம்மவன் வீரமாக இருந்துவிடக் கூடாது!

வேஷம் கலையாத வேலைக்காரனுக்கு என்ன நடக்கும்? 'தேவர் மகன்' (1992) படத்து இசக்கியைப் பாருங்கள். பெரிய வீட்டுப் பிள்ளைக்காகக் கோயில் பூட்டைத் திறந்தான், கை போனது. ஜமீன் ரத்தம் இருந்தால் கை ஓங்கும். இல்லாவிட்டால் கை வெட்டுப்படும். இதுதான் இவர்கள் கதை இலக்கணம்.

"கதைதானே, ரசிச்சிட்டுப் போங்க சார்" என்கிறார் ஒரு நண்பர். வெறும் கதை இல்லை நண்பரே. நரசிம்மவர்மன் புலிகேசியை வென்ற இடங்களில் ஒன்றாக எங்கள் ஊரைக் கூரம் செப்பேடு சொல்கிறது. ராஜா பேர் இருக்கிறது. இந்த மண்ணில் வேல் பிடித்துச் செத்தவன் பேர் எங்கே? 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர் நிலைமையை எழுதி அனுப்பினார். அதிலிருந்து பஞ்சமி நிலம் வந்தது. அந்த நிலத்தைக் கேட்டு 1994-ல் காரணை மக்கள் போராடியபோது போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். ஆண்டைக்காக அடித்தால் விசுவாசி. தனக்காக நின்றால் ரவுடி. கதையில் எழுதிய சட்டம்தான் ஊரிலும் நடக்கிறது.

'மாமன்னன்' (2023) படத்தில் இசக்கியைத்தான் மாமன்னன் ஆக்கினேன் என்றார் மாரி செல்வராஜ். மகன் அதிவீரன் அடிமுறை வாத்தியார். கடைசிவரை அவனுக்கு எந்த ஜமீன் அப்பனும் முளைக்கவில்லை. அன்றைக்குத் தாத்தா உயிரோடு இல்லையே என்றுதான் எனக்கு வருத்தம்.

எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் ஆளை வீரனாக்கினால் அவன் அப்பனை மாற்றாதீர்கள். என் தாத்தாவுக்குக் கம்பு சொல்லிக்கொடுத்தவர் அவருடைய அப்பா. அவரும் படியாள்தான்.