சிரிக்க வைத்த பேட்மேன் வாசலிலேயே நிற்கிறார்

பெறுநர்:
தேசியத் திரைப்படப் பாதுகாப்பு வாரியம்,
காங்கிரஸ் நூலகம், வாஷிங்டன்.



2020-ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்படப் பதிவேட்டில் கிறிஸ்டோபர் நோலனின் ‘தி டார்க் நைட்’ படத்தைச் சேர்த்தீர்கள். அதில் எங்களுக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்த இருட்டுப் பேட்மேனுக்கு 42 வயது மூத்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். பட்டப்பகலில் வேலை பார்ப்பவர். காரில் ஏறியதும் பெல்ட் போடச் சொல்லித் தன் இளம் கூட்டாளி ராபினை அதட்டுபவர். 1966-இல் லெஸ்லி மார்ட்டின்சன் இயக்கத்தில் வந்த ‘பேட்மேன்’ படத்தின் நாயகன் ஆடம் வெஸ்ட்டைத்தான் சொல்கிறோம். அவருக்கு உங்கள் பதிவேட்டில் இன்னும் இடமில்லை.

இதைக் கேட்கத் தமிழ்ப் பத்திரிகைக்கு என்ன உரிமை என்று தோன்றலாம். உங்கள் நூலகம் புதுடெல்லி அலுவலகம் வழியாகப் பல பத்தாண்டுகளாகத் தமிழ் நூல்களையும் வாங்கி அடுக்கி வருகிறது. எங்கள் எழுத்தை நீங்கள் பத்திரப்படுத்தும்போது உங்கள் சிரிப்பைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

அந்தப் படம் தனியாகப் பிறந்ததல்ல. ஏபிசி அலைவரிசையில் 1966 ஜனவரி 12 முதல் 1968 மார்ச் 14 வரை 120 பகுதிகள் ஓடிய தொலைக்காட்சித் தொடரின் கிளை அது. முதல் பருவம் முடிந்து இரண்டாவது தொடங்குவதற்குள், வில்லி கேட்வுமனாக நடித்தவரைத் தவிர முக்கிய நடிகர்கள் அத்தனை பேரையும் வைத்து எடுத்துவிட்டார்கள். உங்கள் பதிவேடு தொலைக்காட்சித் தொடருக்கானதல்ல. ஆகவே தொடருக்குச் செய்ய வேண்டிய மரியாதையைப் படத்துக்குத்தான் செய்ய முடியும்.

தொடர் எப்படிப்பட்ட வரவேற்பைப் பெற்றது என்பதற்கு ஓர் இரவு போதும். 1966 மார்ச் 16, புதன்கிழமை. நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும் சென்ற ஜெமினி 8, விண்வெளியில் முதன்முதலாக இன்னொரு கலத்துடன் இணைந்து சாதனை செய்த சற்று நேரத்தில் கட்டுக்கடங்காமல் சுழலத் தொடங்கியது. இருவரும் உயிர் பிழைப்பார்களா என்பதே கேள்வி. ஏபிசி பேட்மேனை இடைநிறுத்திச் செய்தி சொன்னது. உடனே நிலையத்துக்குத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. பெரும்பாலோர் வீரர்களின் கதியை விசாரிக்கவில்லை, பேட்மேனை ஏன் நிறுத்தினீர்கள் என்று சண்டை பிடித்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து நிலவில் கால் வைக்கப்போகும் மனிதரை அன்று ஒரு முகமூடிக்காரர் ஓரங்கட்டிவிட்டார்!

தயாரிப்பாளர் வில்லியம் டோசியர் அதற்குமுன் காமிக்ஸ் வாசகரே அல்ல. விமானப் பயணத்தில் சில இதழ்களைப் புரட்டிவிட்டு, இதை அப்படியே எடுத்தால் எடுபடாது என்று கண்டுகொண்டார். லொரென்சோ செம்பிள் எழுத்தில் அவர் பிடித்த வழி எளிது: எவ்வளவு அபத்தமானாலும் நடிகர் ஒருவரும் சிரிக்கக் கூடாது. ஆடம் வெஸ்ட் அந்த விதியைக் கடைசிவரை மீறவில்லை. குத்து விழும்போது ‘பவ்’, ‘பாம்’ என்று திரை முழுக்க எழுத்து தெறிக்கும். வில்லன் கூடாரத்தில் கேமராவே சாய்ந்து நிற்கும். வில்லன் ஜோக்கராக வந்த சீசர் ரொமேரோ மீசையை மழிக்க மறுத்துவிட்டதால் அதன்மேலேயே வெள்ளைப் பூச்சு அப்பினார்கள். உற்றுப் பார்த்தால் இன்றும் தெரிகிறது. புதன்கிழமை கதாநாயகர்கள் சாவின் விளிம்பில் தொங்குவார்கள், வியாழக்கிழமை தப்பிப்பார்கள். 1965–66 பருவத்தின் முதல் பத்து நிகழ்ச்சிகளில் இந்த இரண்டு இரவுகளுமே தனித்தனியாக இடம்பிடித்தன.

ஒரே கூடத்தில் ஒரே பெட்டியின் முன் உட்கார்ந்தவர்கள் இரண்டு வெவ்வேறு தொடர்களைப் பார்த்தார்கள். குழந்தை பதறியது, அப்பா சிரித்தார். குழந்தைகள் எந்த அளவுக்கு நம்பினார்கள் என்றால், சாலையைக் கடக்கும் முறையைச் சிறுவர்களுக்குச் சொல்ல 1967-இல் பிரிட்டனில் பேட்மேன் உடையிலேயே ஆடம் வெஸ்ட்டை நடிக்க வைத்துப் பிரசாரப் படம் எடுத்தார்கள். அதே தொடரைத்தான் எம்மி விருதுக்காரர்கள் 1966-இல் சிறந்த நகைச்சுவைத் தொடர் பிரிவில் பரிந்துரைத்தார்கள். 1967-இல் எர்த்தா கிட் கேட்வுமனாக வந்தபோது இன்னொன்றும் நடந்தது. கறுப்பினப் பெண் ஒருவர் வேலைக்காரியாகவோ ஏழையாகவோ இல்லாமல், ஊரையே ஆட்டிவைக்கும் வில்லியாக அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தார். (கையோடு பேட்மேனுக்கும் கேட்வுமனுக்கும் இடையிலிருந்த காதல் குறும்பைக் குறைத்துவிட்டார்கள். அந்தக் கோழைத்தனமும் வரலாறுதான்.)

மூன்றாவது வகைப் பார்வையாளரும் இருந்தார்: அவமானப்பட்டவர். நியூ ஜெர்சியில் காமிக்ஸ் பித்தேறி வளர்ந்த மைக்கேல் உஸ்லான் என்ற பதின்வயதுச் சிறுவன், தன் நாயகனைப் பார்த்து உலகமே சிரிக்கிறதே என்று மனம் நொந்தான். அந்தச் சிரிப்பைத் துடைத்தெறிவேன் என்று சபதமே எடுத்தான். 1979-இல் பெஞ்சமின் மெல்னிக்கருடன் சேர்ந்து பேட்மேனின் திரைப்பட உரிமையை வாங்கினான். பத்தாண்டு அலைச்சலுக்குப் பிறகு, 1989-இல் டிம் பர்ட்டனின் படம் வந்தது. நீங்கள் பதிவேட்டில் சேர்த்த ‘தி டார்க் நைட்’ படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவர் அதே உஸ்லான்தான். கோபத்தில் விளைந்தது உங்கள் பெட்டகத்தில் இருக்கிறது. கோபமூட்டியது இல்லை. வழக்கில் ஒரு தரப்பின் ஆவணத்தை மட்டும் வாங்கிக்கொண்டது போல் இருக்கிறது இது.

படத்தில் சரக்கு இல்லையோ என்று தயங்க வேண்டாம். துறைமுகத்தில் ஒரு காட்சி வருகிறது. திரி எரியும் பெரிய குண்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு பேட்மேன் ஓடுகிறார். எங்கே வீசுவது? ஒருபக்கம் கன்னியாஸ்திரீகள், ஒருபக்கம் குழந்தை வண்டி, ஒருபக்கம் காதலர்கள், தண்ணீரில் பார்த்தால் வாத்துக் குடும்பம். ஒரு நல்லவன் நல்லவனாகவே இருப்பதில் உள்ள தொல்லையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன சூப்பர்ஹீரோ படம் வேறு எது? நோலனின் ஜோக்கர் இரண்டு படகுகளில் குண்டு வைத்துக் கேட்கிற கேள்வியும் இதற்கு உறவுதான். அங்கே அது தத்துவம் ஆனது, இங்கே வாத்து ஆனது.

தொடரின் புகழ் வந்த வேகத்திலேயே வடிந்தது என்பதையும் மறைக்கவில்லை. மூன்றாம் பருவத்தில் வாரம் ஒருமுறையானது, பிறகு நின்றது. எடுத்துத் தொடர என்பிசி அலைவரிசை முன்வந்தபோது அரங்குகளை ஏற்கெனவே இடித்திருந்தார்கள். உரிமைச் சிக்கலால் முழுத் தொடரும் வீட்டுக் காணொளியாக வர 2014 நவம்பர் ஆயிற்று. அத்தனை ஆண்டுகளும் மறுஒளிபரப்பே அதை உயிரோடு வைத்திருந்தது. வேறு வேடம் கிடைக்காமல் நெடுங்காலம் தவித்த ஆடம் வெஸ்ட், 2017 ஜூன் 9 அன்று காலமானார். ஆறு நாள் கழித்து லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சிக் கட்டடத்தின் மீது வௌவால் சின்னத்தை ஒளியாகப் பாய்ச்சினார்கள். அண்ணாந்து பார்க்கப் பெருங்கூட்டம் கூடியது. அவர் உலகைக் காத்தவர் என்று நம்பிய குழந்தைகள் அதற்குள் தாத்தா பாட்டி ஆகியிருந்தார்கள்.

பண்பாடு, வரலாறு, அழகியல் ஆகியவற்றில் ஒன்றிலாவது முக்கியத்துவம் இருக்க வேண்டும், படம் வந்து பத்தாண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்பவை உங்கள் விதிகள். இந்தப் படம் இரண்டையும் எப்போதோ கடந்துவிட்டது. ஆண்டுக்கு 25 படங்களைத் தேர்கிறீர்கள். அடுத்த 25-இல் ஒன்றை 1966-இன் ‘பேட்மேன்’ படத்துக்கு ஒதுக்குங்கள். பதிவேட்டுக்குப் பொதுமக்களும் படங்களை முன்மொழியலாம் என்பதை எங்கள் வாசகர்களுக்கும் இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு