அடுப்பங்கரை கேள்வி - பதில்: மூன்று முட்டை, நாலு பேர், கிழியாத மசால் ஆம்லெட்

''வீட்டிலேயே பட்டுத் தறி போட்டிருக்கிறோம். கொஞ்சம் நிலமும் ஐந்து நாட்டுக்கோழிகளும் உண்டு. கடைக்குக் கொடுத்தது போக வாரத்தில் ஒரு நாளுக்கு மூன்று முட்டை மிஞ்சும். உள்ளே மசால் வைத்து ஆம்லெட் போட்டால், மடிக்கும்போது கிழிந்து, தண்ணீர் விட்டு, கடைசியில் பொடிமாஸ் ஆகிவிடுகிறது. வீட்டில் நாலு பேர். மகள் மாசமாக இருக்கிறாள். மூன்று பேருக்கும் வைத்துவிட்டு நான் ஊறுகாயைத் தொட்டுக்கொள்கிறேன். நாலு பேருக்கும் வருகிற மாதிரி செய்ய வழி உண்டா?''

- ஒரு வாசகி, களம்பூர், ஆரணி.

வழி உண்டு சகோதரி. முதலில், உங்கள் ஆம்லெட் ஏன் கிழிகிறது என்று பார்ப்போம்.

பெரும்பாலும் காரணம் மூன்றுதான். ஒன்று, மசாலில் ஈரம். வெங்காயம், தக்காளி, கீரை எல்லாமே உப்புப் பட்டதும் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் வேகாத முட்டையில் இறங்கினால் முட்டை பிடிக்காது. இரண்டு, அதிகத் தீ. அடி கருகும்போது மேலே பச்சையாகவே இருக்கும். மூன்று, அளவு. மடிக்கிற ஆம்லெட்டுக்கு இரண்டு முட்டைக்கு இரண்டு மேசைக்கரண்டி மசாலுக்கு மேல் தாங்காது. நாலு பேருக்கு வேண்டும் என்று அள்ளி வைத்தால் கிழியத்தான் செய்யும்.

அதனால் உங்களுக்கு மடிக்கிற ஆம்லெட் வேண்டாம். பாதி முட்டையை அடியில் ஊற்றி, நடுவில் மசாலைப் பரப்பி, மீதி முட்டையை மேலே ஊற்றி மூடுகிற ஆம்லெட் போடுங்கள். மதுரைப் பக்கம் கறி தோசையில் தோசைமேல் முட்டையும் கறியும் அடுக்கடுக்காக ஏறும் இல்லையா, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஸ்பெயின் நாட்டில்கூட உருளைக்கிழங்கை முட்டையோடு சேர்த்துத் தடிமனாக வார்த்து, துண்டு போட்டுச் சாப்பிடுகிறார்கள். குறைந்த முட்டையில் நிறையப் பேர் சாப்பிட அது நல்ல வழி.

நாம் உருளைக்கிழங்குக்குப் பதிலாகப் பச்சைப்பயறு போடுவோம். நெல் அறுத்த பிறகு பயறு விதைக்கிற வீடுகளில் எப்படியும் இருக்கும். கணக்கைப் பாருங்கள். நாட்டுக்கோழி முட்டை சுமார் 40 கிராம் எடை இருக்கும். அதில் சுமார் 5 கிராம் புரதம். மூன்று முட்டைக்கு 15 கிராம். 50 கிராம் பச்சைப்பயறில் சுமார் 12 கிராம் புரதம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் 27 கிராம். நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 6 கிராமுக்கு மேல். அதாவது, மூன்று முட்டைதான் உடைக்கிறீர்கள், ஆனால் நாலு பேருக்கும் ஆளுக்கொரு முட்டைக்குக் குறையாத புரதம் போய்ச் சேருகிறது.

தேவையானவை:

முட்டை 3, பச்சைப்பயறு 50 கிராம் (இரவே ஊற வைக்கவும்), சின்ன வெங்காயம் 10, பச்சை மிளகாய் 2, முருங்கைக்கீரை 2 கைப்பிடி, கடலை மாவு 1 தேக்கரண்டி, மிளகுத்தூள், சீரகம், மஞ்சள்தூள், உப்பு, எண்ணெய். தக்காளி வேண்டாம், அதுதான் அதிகம் தண்ணீர் விடும். புளிப்பு வேண்டுமானால் சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள்.

செய்முறை:

பயறைக் குழைய வேகவிட்டு, தண்ணீரை ஒட்ட வடித்து, மத்தால் பாதி மசியுங்கள். வடித்த தண்ணீரை ரசத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வாணலியில் எண்ணெய் விட்டு சீரகம், வெங்காயம், மிளகாய், கீரை என்று வரிசையாக வதக்குங்கள். பயறு, மஞ்சள், உப்பு சேர்த்து, ஈரத்தின் சத்தம் அடங்கி, மசால் வாணலியில் ஒட்டாமல் திரண்டு வரும்வரை கிளறுங்கள். இறக்கி ஆறவிடுங்கள். இந்த ஆறவிடுகிற வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கடலை மாவை இரண்டு தேக்கரண்டி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, முட்டை, மிளகுத்தூள், கொஞ்சம் உப்பு சேர்த்து நன்றாக அடியுங்கள்.

சின்ன வாணலியைக் காயவைத்து, வெட்டிய வெங்காயத்தால் ஒரு தடவை தேய்த்து, இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டுச் சுழற்றுங்கள். பாதி முட்டையை ஊற்றுங்கள். உடனே தீயைக் குறைத்துவிடுங்கள். விறகடுப்பு என்றால் விறகை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் வையுங்கள். ஓரம் பிடித்ததும் மசாலைச் சமமாகப் பரப்பி, மீதி முட்டையை ஊற்றி, மூடி போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். மேலே ஆடாமல் இறுகியதும், வாணலிமேல் ஒரு தட்டைக் கவிழ்த்துப் பிடித்துத் திருப்பி, அப்படியே மறுபடி வாணலியில் சரியவிட்டு இன்னும் இரண்டு நிமிடம் வேகவிடுங்கள். இறக்கி நாலாக வெட்டுங்கள். உள்ளே முட்டை ஓடக் கூடாது.

மகள் மாசமாக இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கொங்குப் பக்கம் கலக்கி என்று முட்டையை அரைவேக்காட்டில் தருவார்கள், ருசிதான். ஆனால் வேகாத முட்டையில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்க வாய்ப்புண்டு. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயதானவர்களுக்கு அது ஆகாது. அவர்களுக்கு எப்போதும் முழுதாக வெந்த முட்டைதான்.

வீட்டுக் கோழி முட்டை என்பதால் இன்னும் சில கவனம். எச்சம் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து எடுத்து வையுங்கள். கழுவி வைத்தால் ஓட்டின் மேலிருக்கும் காப்புப் போய், சீக்கிரம் கெட்டுவிடும். உடைக்கும் முன்பு கழுவினால் போதும். முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். படுத்திருந்தால் புதுசு. நிமிர்ந்து நின்றால் கொஞ்ச நாளானது, உடனே பயன்படுத்திவிடுங்கள். மிதந்தால் வேண்டாம். அடையில் நாலைந்து நாள் இருந்த முட்டையையும் சமையலுக்கு எடுக்காதீர்கள். ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டுச் சேர்ப்பது நல்லது. ஒரு கெட்ட முட்டையால் மூன்றும் வீணாகாது.

தறிக்காரர் வீட்டில் இந்த ஆம்லெட்டுக்கு இன்னொரு வசதி. குழம்பு, சாறு எதுவும் வடியாது. இருந்தாலும் சாப்பிட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டே தறியில் உட்காருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு பாவில் பட்டால் பட்டில் கறை நிற்கும், கூலியில்தான் பிடிப்பார்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளை இருந்தால், சத்துணவில் முட்டை கிடைத்துவிடும். வெளியே போகிற ஆண்களுக்கும் டீக்கடையில் எதையாவது கடித்துக்கொள்ள வழியுண்டு. கோழிக்குத் தீனி போட்டு, அடை வைத்து, முட்டை எடுக்கிற உங்களுக்குத்தான் வேறு வழியில்லை. அதனால் தட்டில் வைக்கும்போது நாலு துண்டையும் ஒரே நேரத்தில் நாலு தட்டில் வைத்துவிடுங்கள். 'பிறகு சாப்பிடுகிறேன்' என்று ஒதுக்கி வைத்த துண்டு, மறுசோறு கேட்பவர் தட்டுக்குப் போய்விடும் என்பது உங்களுக்கே தெரியும்.