மனச்சோர்வு மாத்திரையும் வாசலுக்கு வர வேண்டும்: குமாரலிங்கபுரம் கோரிக்கைச் சாசனம்

கடும் மனச்சோர்வோடு வாழ்ந்துகொண்டே அடுப்படியையும் காட்டு வேலையையும் மில் வேலையையும் பிள்ளைகளையும் பார்த்துவருகிற எங்கள் சார்பிலும், எங்களோடு ஒரே கூரையில் இருப்பவர்கள் சார்பிலும் இதை எழுதுகிறோம். விருதுநகர் மாவட்ட நிர்வாகம், மக்கள் நல்வாழ்வுத் துறை, ஊராட்சி, ஆலை முதலாளிகள், எங்கள் சொந்தக் குடும்பங்கள் ஆகிய அனைவருக்கும் இது சேர வேண்டும்.

எங்கள் நிலையை முதலில் சொல்லிவிடுகிறோம். விடியும் முன்னே தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிடும். குடச் சத்தம் படுத்திருப்பவளுக்குக் கேட்கிறது. எழ வேண்டும் என்று தெரிகிறது. உடம்பு எழுவதில்லை. மல்லுக்கட்டி எழுந்து, கிடைத்த இரண்டு குடத்தைப் பிடித்து, உலை வைத்து, பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்து மில் வேனுக்கு ஓடுகிறாள். இத்தனையும் செய்த பிறகு, "பொழுது விடிஞ்சு எந்திரிக்கிறா மகாராணி" என்ற பேர்தான் மிச்சம். மழை பொய்த்து மக்காச்சோளம் கருகிப்போன வீட்டு ஆம்பளை ராத்திரி கண்ணை மூடுவதில்லை, சோறு இறங்குவதில்லை. ஆனாலும் விசேஷ வீட்டில் மொய் எழுதப் போய் நிற்கிறார், சிரிக்கிறார். வேலை நடப்பதால் நோய் இல்லை என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. வேலை நடக்கிறது என்றால் அதற்குள் நாங்கள் எவ்வளவு செலவாகிறோம் என்று யாரும் கேட்டதில்லை.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தவர்களில் 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒரு தடவையாவது மனச்சோர்வு நோய்க்கு ஆளாவதாகச் சொன்னது. அந்த நோயாளிகளில் 100க்கு 85 பேர் சிகிச்சைக்கே வந்து சேரவில்லை என்பதும் அதில் இருக்கிறது. எங்கள் ஒவ்வொரு தெருவிலும் அந்த 85இல் சிலர் இருக்கிறார்கள்.

எங்கள் தலையாய கோரிக்கை மாத்திரையைப் பற்றியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நல்ல திட்டம், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதனால் பிழைத்திருக்கிறார்கள். எங்கள் மாத்திரைக்கு மட்டும் பஸ் மாறிப் போக வேண்டியிருக்கிறது. ஒரு நாள் கூலி போகும். வீட்டில் காரணம் சொல்ல வேண்டும். மனநல டாக்டர் உட்காரும் கிழமையைத் தவறவிட்டால் அடுத்த முறைவரை காத்திருக்க வேண்டும். இந்த மருந்துகள் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். தெளிவு வந்த பிறகும் ஆறு மாதமாவது விடாமல் சாப்பிட வேண்டும். நடுவில் நின்றுபோனால் நோய் திரும்புகிறது. எங்கள் ஊர்ப் பக்கம் பலருக்கு அப்படித்தான் திரும்பியது, மருந்து கேட்காமல் போனதால் அல்ல. ஆகவே ஃபுளூவோக்ஸெட்டின் போன்ற அடிப்படை மருந்துகள் எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எல்லா நாளும் இருக்க வேண்டும். டாக்டர் ஒரு தடவை பார்த்து எழுதிக்கொடுத்தவர்களுக்கு, விரும்பினால், சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் அதே கை எங்கள் மாத்திரையையும் கொண்டுவர வேண்டும். எதற்கான மாத்திரை என்று வெளியே தெரியாத உறையில் தர வேண்டும்.

இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, மனநோய் உள்ளவரைச் சிகிச்சைக்காக நெடுந்தூரம் அலையவிடக் கூடாது என்கிறது. அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் முதல் மேலே உள்ள அரசு மருத்துவமனைகள் அனைத்திலும் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தப் படியை இன்னும் ஒன்று கீழே இறக்கி ஆரம்ப சுகாதார நிலையம்வரை கொண்டுவாருங்கள் என்கிறோம். விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. அதன் மனநலத் துறை, வட்டார நிலையங்களில் பணிபுரியும் டாக்டர்களுக்குப் பயிற்சி தந்து பின்துணையாக நிற்கட்டும்.

மாத்திரை மட்டும் போதாது, பேச ஆள் வேண்டும். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு, டாக்டர் அல்லாத உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவித்து ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேச வைத்தார்கள். நல்ல பலன் கிடைத்ததை 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்டது. எங்கள் ஊரில் மகளிர் குழுவை நடத்தத் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சியும் மாதச் சம்பளமும் கொடுங்கள். சம்பளம் இல்லாத சேவை என்று மறுபடியும் பெண்கள் தலையில் கட்ட வேண்டாம். பிள்ளை பெற்ற வீட்டுக்குக் குழந்தையின் எடை பார்க்க வரும் கிராம சுகாதார செவிலியர், தாயிடமும் இரண்டு கேள்வி கேட்கட்டும்: இந்த இரண்டு வாரமாக மனசு பாரமாகவே இருக்கிறதா, எதிலும் பிடிப்பு இல்லாமல் போய்விட்டதா? மாமியார் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்கட்டும்.

ஆலைகளுக்கு ஒரு வார்த்தை. மேலுக்கு முடியவில்லை என்றால் தருகிற லீவை இந்த நோய்க்கும் தர வேண்டும், சீட்டில் நோயின் பெயரைக் கேட்கக் கூடாது. எங்கள் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா வருகிறது. ஆயிரக்கணக்கில் பெண்களை வேலைக்கு எடுக்கப்போகிற இடத்தில், கட்டட வரைபடத்திலேயே மனநல ஆலோசகருக்கு ஓர் அறை இருக்கட்டும்.

பிளஸ் 2 தேர்ச்சியில் பல ஆண்டுகள் முதலிடம் பிடித்த மாவட்டம் இது. அந்தப் பெருமைக்காக ராத்திரி பகலாக உருகும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவும் பள்ளிகளில் ஆள் வேண்டும்.

எங்கள் வீட்டாருக்கு: கோயிலுக்கும் தர்காவுக்கும் கூட்டிப்போவதை நாங்கள் தடுக்கவில்லை. மந்திரித்துக் கயிறு கட்டுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். கட்டிப்போடாதீர்கள். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநோயாளிகள் இல்லத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். சங்கிலியால் கட்டுவதை இன்று சட்டம் தடை செய்திருக்கிறது. "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா சரியாயிரும்" என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். அது இன்னொரு வீட்டுப் பிள்ளையையும் சேர்த்து வதைக்கிறது. நாங்கள் படுத்துக் கிடக்கும் நாளில் அன்றைய தண்ணீரை வேறொருவர் பிடிக்கட்டும், திட்டாமல். சாக வேண்டும் என்று யாராவது சொன்னால் நடிப்பு என்று ஒதுக்காதீர்கள், அவரைத் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். தற்கொலைக்கு முயன்றவர் தாங்க முடியாத மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு கூறுகிறது. போலீசுக்குப் பயந்து யாரும் ஒளித்துவைக்க வேண்டாம்.

அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பும்படி ஊராட்சியைக் கேட்டுக்கொள்கிறோம். பக்கத்து ஊராட்சிகளும் தங்கள் சபைகளில் இதை வைக்கலாம், எங்களிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போடத் தயங்குபவர்கள் போட வேண்டாம், சபைக்கு வந்து உட்கார்ந்தால் போதும். அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு இப்போதே பேசுங்கள். இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.