லைலாக் மணமும் ‘எங்கள் ஊர்’ கட்டுரையும்

ரயில்வேயில் முப்பத்தேழு ஆண்டுகள் தண்டவாளத்தோடு காலம் தள்ளியவன் நான். தார், கிரீஸ், மழையில் நனைந்த மரக்கட்டை ஸ்லீப்பர் ஆகியவையே என் மூக்குக்குப் பழகிய வாசனைகள். அப்படிப்பட்டவன் ஒரு சென்ட் பாட்டிலைப் பற்றி நம் இதழில் எழுத வந்திருக்கிறானே என்று அன்பர்கள் நகைக்க வேண்டாம். அந்தப் பாட்டில் ஒரு பழைய கணக்கைத் திருப்பிப் பார்க்க வைத்துவிட்டது. அந்தக் கணக்கில் தவறு என்னுடையது.

என் மகள் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்திலுள்ள ராச்செஸ்டர் நகரில் குடும்பத்தோடு வசிக்கிறாள். சென்ற குளிர்காலத்தில் விடுமுறைக்குத் தில்லி வந்தவள், பெட்டியைத் திறந்ததும் விரல் நீளக் கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்து, என் புறங்கையில் ஒரு சொட்டு வைத்தாள்.

“கண்ணை மூடிக்கிட்டு மோந்து பாருங்கப்பா. என்னன்னு சொல்லுங்க.”

ஒரு விநாடிகூட ஆகவில்லை. “தரேக் மரம்” என்றேன். “அம்பாலா குவார்ட்டர்ஸ் வாசல்லே நின்னுதே, அந்தத் தரேக்.”

அடுக்களையிலிருந்து வந்த என் மனைவியிடமும் கையை நீட்டினேன். “மார்ச் மாசம் காலையிலே வாசல் கூட்டினா வருமே, அந்த வாசனை” என்றாள் அவளும்.

“எனக்கும் அதேதான்பா” என்றாள் மகள். “அங்க போன முதல் வருஷம், அஞ்சு மாசப் பனி முடிஞ்சு பார்க்குல நடந்துக்கிட்டிருந்தேன். இந்த மணம் வந்ததும் அப்படியே நின்னுட்டேன். எங்க ஊர் வந்துட்ட மாதிரி இருந்துது.”

குப்பியின் மேல் இருந்த பெயர் ‘லைலாக்’. தென்கிழக்கு ஐரோப்பாவின் மலைச்சரிவுகளைத் தாயகமாகக் கொண்ட செடி அது. 16ஆம் நூற்றாண்டில் துருக்கி வழியாக மேற்கு ஐரோப்பாவுக்குப் போய், பின்னர் குடியேறியவர்களோடு அமெரிக்காவுக்கும் போயிற்று. நல்ல குளிர்காலம் இருந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். ராச்செஸ்டரின் ஹைலண்ட் பூங்காவில் நூற்றுக்கணக்கான வகை லைலாக்குகள் இருக்கின்றன. 1898இல் தொடங்கிய லைலாக் விழா அங்கே மே மாதத்தில் நடக்கும். பெயர் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. நம் ‘நீலம்’ என்ற சொல்லுக்கும் அதற்கும் வேர் ஒன்றே.

இன்னொரு செய்தி என் போன்ற பொறியியல்காரனுக்குச் சுவையாக இருந்தது. மல்லிகையிலிருந்து மணத்தைப் பிரித்தெடுத்து விற்கிறார்கள். லைலாக் அதற்கு இடம் கொடுக்காது. வாசனைத் தொழிலில் இத்தகைய மலர்களை ‘ஊமைப் பூக்கள்’ என்பார்கள். ஆகவே அதன் மணத்தைப் பல பொருள்களைக் கலந்து செயற்கையாகத்தான் உருவாக்குகிறார்கள். அவற்றுள் முக்கியமானது டெர்பினியால். அதைத் தயாரிப்பது டர்பன்டைன் எண்ணெயிலிருந்து! இரும்புப் பாலங்களுக்குப் பெயின்ட் அடிக்கும்போது எத்தனை டின் டர்பன்டைனுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன்! அதற்குள் இப்படி ஒரு வசந்தகாலம் ஒளிந்திருப்பது எனக்குத் தெரியாது.

இனித் தரேக்குக்கு வருகிறேன். பஞ்சாபியில் தரேக், இந்தியில் பகாயன். வட இந்தியாவில் வாழும் நம் அன்பர்கள் பார்த்திராமல் இருக்க முடியாது. குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து, மஞ்சள் காய்கள் மட்டும் கொத்துக் கொத்தாகத் தொங்கும். காயைத் தின்றால் விஷம். ஆனால் கொட்டையின் நடுவே இயற்கையாகவே துளை இருக்கும். காலனிப் பெண் குழந்தைகள் அதை நூலில் கோத்து மாலை போட்டுக்கொள்வார்கள். மார்ச் பிறந்ததும் தளிரோடு தளிராக இளம் ஊதாப் பூக்கள் மரம் முழுக்கப் பூக்கும். மாலையில் டிராலிச் சோதனையை முடித்துக்கொண்டு திரும்பினால், வீட்டுக்கு முன்னால் அந்த மணம் வந்து எதிர்கொள்ளும். நிறமும் மணமும் ஒத்திருப்பதால் ஆங்கிலத்தில் இதற்குப் ‘பெர்ஷியன் லைலாக்’ என்றும் ஒரு பெயர் உண்டு. உண்மையில் இரண்டும் உறவு அல்ல. லைலாக் நம் மல்லிகையின் குடும்பம். தரேக் நம் வேம்பின் குடும்பம்.

நிற்க. கணக்குக்கு வருகிறேன்.

1996ஆம் ஆண்டு ஏப்ரலில், அம்பாலாவில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து சித்திரைத் திருநாள் கொண்டாடினோம். பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி. தலைப்பு, வழக்கம்போல், ‘எங்கள் ஊர்’. மூன்று நடுவர்களில் நானும் ஒருவன். பத்து வயதான என் மகளும் எழுதினாள். தஞ்சாவூர், மதுரை, கும்பகோணம் என்று மற்றப் பிள்ளைகள் எழுதியிருக்க, இவள் அம்பாலா ரயில்வே காலனியை எழுதியிருந்தாள். ‘எங்கள் ஊரில் குளிர் போய்விட்டது என்று காலண்டர் சொல்லாது, தரேக் மரம் சொல்லும்’ என்று தொடங்கியிருந்தாள். ணகர னகரம் தடுமாறியது. ஆனால் எல்லாம் அவளே பார்த்தது, அவளே எழுதியது.

மற்ற இரு நடுவர்களும் அதற்குத்தான் முதல் பரிசு என்றார்கள். நான் மறுத்தேன். சொந்த மகளுக்குப் பரிசு கொடுத்தால் நாலு பேர் பேசுவார்கள் என்ற தயக்கம் ஒரு பக்கம். அதைவிட, ‘தலைப்பு எங்கள் ஊர், இவள் எழுதியிருப்பது வேலைக்காக வந்து தங்கியிருக்கிற இடம். தலைப்பை விட்டு விலகிய கட்டுரை’ என்று நான் மெய்யாகவே நம்பினேன். பரிசு, தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி எழுதிய பையனுக்குப் போயிற்று. அவன் தஞ்சாவூரைப் பார்த்ததில்லை. அம்மா சொல்லச் சொல்ல எழுதியது என்று அவனே வெள்ளையாகச் சொன்னான்.

அன்று வீடு திரும்பியதும் மகளுக்குப் புத்திமதி சொன்னேன். “நம்ம ஊரு சேரன்மாதேவிம்மா. இது அப்பா வேலை பாக்குற இடம்.”

“நான் வேலை பாக்கலையே. அப்ப எனக்கு எதுப்பா ஊரு?”

“எதிர்த்துப் பேசாதே” என்று முடித்துவிட்டேன். பதில் இல்லாத தகப்பன்மார் சொல்கிற பதில் அதுதானே!

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அன்று மதியம் விருந்தில் வேப்பம்பூப் பச்சடி இருந்தது. அம்பாலாவில் அப்போது வேம்பு இன்னும் பூத்திருக்கவில்லை. ஆகவே சேரன்மாதேவியிலிருந்து என் தாயார் உலர்த்தித் தபாலில் அனுப்பிய பூவைப் போட்டுச் செய்தோம். தபாலில் வந்த பூவை மதிக்கத் தெரிந்த எனக்கு, அதே வேம்பின் உறவு வாசலில் பூத்துக் குலுங்கியது கண்ணில் படவில்லை.

அதன் பிறகு அவள் தமிழில் எதுவும் எழுதியதில்லை. கோபித்துக்கொண்டு நிறுத்தவில்லை, வருத்தப்பட்டதாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. பாட்டிக்குக் கடிதம் எழுதச் சொன்னால் “நீங்களே எழுதிருங்கப்பா” என்பாள். இப்போது அவள் மகனுக்கு ஒன்பது வயது. நாம் பேசுவது புரிகிறது. பதில் ஆங்கிலத்தில் வருகிறது. என் தாயார் 2004இல் காலமானார். 2007இல் சேரன்மாதேவி வீட்டையும் விற்றாகிவிட்டது. நான் எந்த ஊருக்காக மகளின் ஊரை அடித்துத் திருத்தினேனோ, அந்த ஊரில் இன்று எங்களுக்குக் கதவைத் திறக்க ஆளில்லை.

மணத்துக்கும் நினைவுக்கும் உள்ள உறவு வெறும் கவிஞர் கற்பனை அன்று. மற்றப் புலன்களின் செய்தி தாலமஸ் என்ற இடைநிலையத்தில் நின்றுதான் மூளையின் மேற்பகுதிக்குப் போகும். முகர்ச்சி மட்டும் அங்கே நிற்காமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்கு நேராகப் போய்ச் சேர்கிறது. எங்கள் பாஷையில் சொன்னால், சந்திப்பு நிலையத்தில் நிற்காத வண்டி. மணம் எழுப்பும் நினைவுகள் பெரும்பாலும் பத்து வயதுக்கு உட்பட்ட பருவத்தைச் சேர்ந்தவை என்றும் உளவியலார் கண்டிருக்கிறார்கள். அப்படியானால், பத்து வயதுக்குள் எந்த மண்ணின் வாசனை மூக்கில் ஏறியதோ அதுதான் பிள்ளையின் ஊர். ரேஷன் கார்டோ, தகப்பனின் ஏக்கமோ அதை மாற்றாது.

எனக்கும் அப்படித்தான். தாமிரபரணி மணலின் ஈரவாடை எங்கே வந்தாலும் எனக்கு வயது எட்டு. அந்த உரிமையை எனக்கு வைத்துக்கொண்டு மகளுக்கு மறுத்ததுதான் என் தவறு.

‘இப்படி விட்டுக்கொடுத்தால் பிள்ளைகள் பூர்வீகத்தையே மறந்துவிடுவார்கள்’ என்று சில அன்பர்கள் சொல்லக்கூடும். நானும் அப்படித்தான் பயந்தேன். ஆனால் நடந்தது என்ன? பூர்வீகத்தை நாம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு தங்கள் வாழ்க்கையைப் பேசுவதற்கு வேறு மொழிக்குப் போய்விட்டார்கள். பார்க்காத ஊரைப் பற்றி மட்டுமே பேச உதவும் மொழி, பிள்ளைக்குத் தன் மொழியாக ஆவது கடினம். அம்பாலாவின் தரேக்கையும், தில்லியின் லூவையும், தெருமுனைக் கோல்கப்பாவையும் தமிழில் எழுதலாம், எழுதினால் கைதட்டுவார்கள் என்று தெரிந்தால், அதே மொழியில் ஒரு நாள் பாட்டியின் ஊரைப் பற்றியும் அவர்களே கேட்பார்கள். பிள்ளைகளை ஊருக்கு அழைத்துப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அழைத்துப் போங்கள். பெரிய கோயிலைக் காட்டுங்கள். ஆனால் அவர்கள் ஊரைக் காட்டும்போது நாமும் கொஞ்சம் பார்க்கலாமே.

மகள் திரும்பிப் போகும் முன், “அந்தக் கட்டுரை எங்கேயாவது இருக்கா?” என்று கேட்டேன். “அது எங்கே போச்சோப்பா” என்றாள். பிறகு சற்று நேரம் கழித்து, “முதல் வரி ஞாபகம் இருக்கு” என்றாள். எனக்கும் இருக்கிறது என்று சொன்னேன். குப்பியை என்னிடமே விட்டுப் போயிருக்கிறாள்.

ஆகவே, வரும் சித்திரை விழாவுக்குக் கட்டுரைத் தலைப்பு வைக்கும் குழுவினருக்கு என் பணிவான விண்ணப்பம். தலைப்பு ‘எங்கள் ஊர்’ என்றே இருக்கட்டும். எது ஊர் என்பதை எழுதும் பிள்ளையே முடிவு செய்யட்டும். எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறையுங்கள், ஊருக்காகக் குறைக்காதீர்கள். தேர்ந்த கட்டுரைகளை நம் இதழில் அச்சிடுங்கள். முதல் பரிசுத் தொகையை நான் தந்துவிடுகிறேன். நடுவராக மட்டும் என்னைப் போடவேண்டாம்.