ஊர் வழக்கமும் உள்ளத்தின் நீதியும்

‘ஊர் ஓடினால் ஒத்து ஓடு’ என்பது நம் முன்னோர் வாய்மொழி. ஆயினும், ஊர் ஓடும் திசையே தவறானால் என்செய்வது? பிழைப்புக்காக வேற்றூர் சென்ற மகன், “அப்பா, இங்கே எல்லாரும் கொடுக்கிறார்கள், கொடுக்காவிட்டால் வேலை நடவாது” என்று கூறினால், பெற்றோராகிய நாம் என்ன மறுமொழி கூறுவோம்? இத்திங்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாக்ஹீட் விமான நிறுவனம் திவாலாகும் நிலையில் இருந்தது. அதன் புதிய டிரைஸ்டார் விமானத்திற்கு எஞ்சின் செய்து வந்த ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் நொடித்துப் போயிற்று. அமெரிக்க அரசு 25 கோடி டாலர் கடனுக்குப் பொறுப்பு நின்ற பின்னரே லாக்ஹீட் மூச்சுவிட்டது. விமானங்கள் விலைபோகாவிடில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வீடுகளில் அடுப்பு எரியாது. அந்நிலையில், 1972-இல் ஜப்பானின் ஆல் நிப்பான் ஏர்வேஸ் நிறுவனம் டிரைஸ்டாரைத் தேர்ந்தெடுத்தது.

1976 பிப்ரவரியில் உண்மை வெளியாயிற்று. ஜப்பானில் பெருந்தொகை கைமாறியதை லாக்ஹீட் துணைத் தலைவர் கார்ல் கோச்சியன் அமெரிக்கச் செனட் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். அதில் 50 கோடி யென், விமானம் வாங்கப்பட்டபோது பிரதமராயிருந்த ககுவெய் தனாகாவுக்குச் சென்றதென்பது வழக்கு. பற்றுச்சீட்டுகளில் பணம் என்று எழுதாமல், ‘வேர்க்கடலை’ என்று குறித்திருந்தனர்! அந்நாட்டில் தொழில் நடக்கும் முறை அதுவே என்பதும், கொடுக்காவிடில் விமானம் விற்றிராது என்பதும் கோச்சியன் கூறிய சமாதானம்.

இச்சமாதானத்தை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. ஜப்பானில் பரிசளிக்கும் வழக்கம் உண்மையிலேயே உண்டு. ஆண்டின் நடுவிலும் இறுதியிலும் தமக்கு உதவியோருக்கு அழகுறப் பொதிந்த பரிசுகளை அனுப்பி நன்றி கூறுவர். அது பலரறியச் செய்யப்படுவது. அதை மதியாத அந்நியர் அம்மக்களின் பண்பையே மதியாதவராவார். ஆனால் வேர்க்கடலை என்று மறைத்துக் கொடுத்தது அந்த வழக்கமா? வழக்கமாயின் குறிச்சொல் எதற்கு?

விடையை ஜப்பானிய மக்களே அளித்தனர். நாடெங்கும் சினம் மூண்டது. 1976 ஜூலையில் தனாகா கைதானார். 1983 அக்டோபரில் டோக்கியோ நீதிமன்றம் அவருக்கு 4 ஆண்டு சிறையும் 50 கோடி யென் அபராதமும் விதித்தது. அவர் மேல்முறையீடு செய்தார்; இறுதித் தீர்ப்புக்கு முன்னரே 1993-இல் மறைந்தார். ஜப்பானின் சட்டமும் கையூட்டைக் குற்றமென்றே கூறியது. எனவே, ‘உள்ளூர் வழக்கம்’ எனப்பட்டது சில பெரிய மனிதரின் வழக்கமேயன்றி, ஊராரின் வழக்கமன்று.

வெளிநாட்டு அதிகாரிகளுக்குக் கையூட்டுக் கொடுப்பதை அமெரிக்கா 1977-இல் சட்டத்தால் தடுத்தது. பிற செல்வ நாடுகள் விரைந்து பின்பற்றவில்லை. ஜெர்மனியில் வெளிநாட்டில் கொடுத்த கையூட்டைத் தொழிற்செலவாகக் காட்டி வரிச்சலுகை பெறவும் நெடுங்காலம் வழியிருந்தது. 1997-இல் கையெழுத்தாகி 1999-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கையின் பின்னரே அந்நிலை மாறிற்று. சொந்த ஊருக்கு ஒரு தராசு, அயலூருக்கு வேறொரு தராசு என்றிருந்த நிலைக்கு அது வைத்த தடை.

ஆகவே, உணவிலும் உடையிலும், வணக்கம் கூறும் முறையிலும், விருந்திலும் விழாவிலும் ஊரோடு ஒத்துப் போவோம், அது பணிவு. ஆனால் மறைத்தே செய்யவேண்டிய ஒன்றை வழக்கமென்று கூறினால், மூன்று கேள்விகளைக் கேட்போம். இதைப் பலரறியச் சொல்ல முடியுமா? இதன் இழப்பைச் சுமப்பவர் யார்? நமக்கு எதிராக இதையே பிறர் செய்தால் பொறுப்போமா? லாக்ஹீட் தொழிலாளருக்குக் குடும்பங்கள் இருந்தன, உண்மைதான். போட்டியில் தோற்ற நிறுவனங்களின் தொழிலாளருக்கும் குடும்பங்கள் இருந்தன அல்லவா?

நேர்மைக்கு விலை உண்டு என்பதை மகனிடம் மறைக்க வேண்டாம். ஒப்பந்தம் கைநழுவலாம், பதவி உயர்வு தள்ளிப் போகலாம். ஆனால் மாதந்தோறும் ‘இன்னும் அனுப்பு’ என்று நாமே நெருக்கிக்கொண்டு, நேர்மையாயிரு என்று அறிவுரை கூறுவது பொருந்துமா? “குறைவாக வந்தாலும் போதும், மகனே; நாங்கள் சமாளித்துக்கொள்கிறோம்” என்று முதலில் நாம் சொல்வோம். அதன்பின் அவனுக்கு மறுத்துச் சொல்லும் துணிவு வரும்.